நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே

மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைக்குள் நுழைந்ததும், கண் அங்கிருக்கும் வெளிச்சத்துக்குப் பழகச் சற்று நேரம் பிடிக்கும். தாழ்ந்த மரக்கூரை. சுவர் நெடுக ராமாயணம், ஏறக்குறைய 300 சதுர அடி, 16ஆம் நூற்றாண்டின் கைவேலை. போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்த மாளிகை இது. 1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் 'டச்சு அரண்மனை' ஆகிவிட்டது. கட்டியவன் ஒருவன், பெயர் வாங்கியவன் இன்னொருவன்.

சுண்ணாம்புச் சாந்து பூசி, அது காய்ந்த பிறகு வரைந்திருக்கிறார்கள். சிவப்பும் மஞ்சளும் செம்புரைக்கல்லிலிருந்து வந்தவை. மலையாளத்தில் வெட்டுக்கல் என்பார்கள். கருப்பு விளக்குக் கரி. நீலம் அவுரி. வெள்ளைக்கென்று தனிச் சாயம் கிடையாது, சுவரே வெள்ளை. நான் அங்கே போவது நிறத்துக்காக அல்ல, கோட்டுக்காக. புருவத்தில் ஒரே வீச்சில் ஏறி இறங்கும் அந்தக் கோட்டைப் பாருங்கள். தூரிகையின் நுனி எங்கே பட்டதோ அங்கேயே கோடு விழுந்திருக்கிறது. பட்ட கணத்திலேயே விழுந்திருக்கிறது. அழுத்திய இடத்தில் தடித்து, எடுத்த இடத்தில் மெலிந்திருக்கிறது. நுனிக்கும் கோட்டுக்கும் இடையே தூரமும் இல்லை, நேரமும் இல்லை.

இதே ஊரில் இதற்கு நேர்மாறான ஒரு வரைதலும் நடந்தது. டச்சு ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீடு, இட்டி அச்சுதன் என்ற வைத்தியரையும் கொங்கணிப் பண்டிதர்கள் மூவரையும் துணைக்கு வைத்துக்கொண்டு, மலபாரின் செடிகொடிகளைப் படம் வரையச் செய்தார். படங்கள் கப்பலேறி ஆம்ஸ்டர்டாம் போய், செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டு, 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்று 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தன. முதல் தொகுதியின் முதல் மரம் நம் தென்னை. கொச்சியில் பேனா தொட்ட கோடு தாளில் அச்சாகக் கண்ணுக்குத் தெரிய வருடங்கள் ஆயின. செதுக்கியவர் அந்தச் செடியைப் பார்த்ததே இல்லை.

கணினியில் வரைகிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பேனா ஒரு கண்ணாடியைத் தொடுகிறது. கோடு அந்தக் கண்ணாடிக்குக் கீழே, சற்றுத் தள்ளி, சற்றுத் தாமதமாக விழுகிறது. எவ்வளவு தள்ளி, எவ்வளவு தாமதமாக? மலிவான வரைதிரை நல்லதா மோசமா என்ற கேள்விக்கு இந்த இரண்டு அளவுகளில் முக்கால்வாசிப் பதில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பெட்டியின்மேல் இந்த இரண்டையும் யாரும் பெரிதாக அச்சடிப்பதில்லை.

கடைக்காரர்கள் 'பென் டிஸ்ப்ளே' என்பதைத்தான் நான் வரைதிரை என்கிறேன். 13.3 அங்குலத் திரை, 1920க்கு 1080 பிக்சல், மின்கலம் இல்லாத பேனா, விலை இருபதாயிரம் ரூபாயை ஒட்டி. பெட்டியில் கொட்டை எழுத்தில் நான்கு எண்கள் இருக்கும்: அழுத்தப் படிகள் 8192, ஓர் அங்குலத்துக்கு 5080 கோடுகள், நொடிக்கு 266 முறை கணிப்பு, நிறம் 120 சதவீதம். நான்கும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை எழுதி, ஒளிப்பேனாவால் திரையின்மேலேயே வரைந்து காட்டினார். கண்ணும் கையும் ஒரே இடத்தில் இருந்தன. ஆனால் செங்குத்தான திரையின்முன் கையைத் தூக்கியே வைத்திருந்தால் தோள் வலி உயிர் போகும். அடுத்த ஆண்டே ராண்ட் நிறுவனம் மேசைமேல் கிடக்கும் பலகை ஒன்றைச் செய்தது. 10 அங்குலச் சதுரம், அங்குலத்துக்கு 100 கோடுகள், விலை 18,000 டாலர். கைக்கு ஓய்வு கிடைத்தது, கண் மட்டும் வேறெங்கோ இருந்த திரைக்குப் போய்விட்டது. அதன்பின் வந்ததெல்லாம் கண்ணையும் கையையும் மறுபடி ஒன்றுசேர்க்கும் முயற்சி. 1983இல் ஜப்பானின் சைதாமாவில் தொடங்கிய வாக்கம் நிறுவனம் கம்பியும் மின்கலமும் இல்லாத பேனாவைக் கொண்டுவந்து, நீண்ட காலம் தனிக்காட்டு ராஜாவாக இருந்தது. 1980களின் காப்புரிமைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. 2017, 2018 வாக்கில் ஹ்யூயான், எக்ஸ்பி பென் போன்ற நிறுவனங்களின் பேனாக்களிலிருந்தும் மின்கலம் காணாமல்போனது. விலை சரிந்தது.

மின்கலம் இல்லாமல் பேனா எப்படிப் பேசுகிறது? இரண்டு தம்புராக்களை ஒரே சுருதிக்குக் கூட்டி அருகருகே வையுங்கள். ஒன்றின் தந்தியை மீட்டிவிட்டு உடனே கையால் அமர்த்தினால், மற்றது தொடாமலேயே முனகிக்கொண்டிருக்கும். வரைதிரைக்குள் நடப்பது அதுவேதான். திரைக்கு அடியில் ஒரு பலகை. அதில் குறுக்கும் நெடுக்குமாகச் செம்புக் கண்ணிகள், சில மில்லிமீட்டர் இடைவெளியில். பலகை சில நூறு கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்தத் துடிப்பை அனுப்பிவிட்டுச் சட்டென்று மௌனமாகிக் காதைத் தீட்டிக்கொள்ளும். பேனாவுக்குள் ஒரு சிறு சுருளும் ஒரு மின்தேக்கியும் அதே சுருதிக்குக் கூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. வாங்கிய துடிப்பில் அவை சிறிது நேரம் முனகும். அந்த முனகல் எந்தக் கண்ணியில் உரக்கக் கேட்கிறது, பக்கத்துக் கண்ணிகளில் எவ்வளவு கேட்கிறது என்று ஒப்பிட்டுப் பலகை பேனாவின் இடத்தைக் கணக்கிடுகிறது. நுனியை அழுத்தினால் பேனாவின் சுருதி இம்மியளவு பிசகும். அந்தப் பிசகுதான் அழுத்தத்தின் அளவு.

இது புரிந்தால் 5080 என்ற எண்ணின் பகட்டும் புரியும். அங்குலத்துக்கு 5080 என்றால் மில்லிமீட்டருக்கு 200 கோடுகள். அதாவது பேனா 0.005 மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பலகை வேறு எண்ணைச் சொல்லும். 13.3 அங்குலத் திரையின் ஒரு பிக்சலோ ஏறத்தாழ 0.153 மில்லிமீட்டர் அகலம். பேனாவின் கணக்கு பிக்சலைவிட முப்பது மடங்கு பொடி! ஆனால் பலகை சொல்லும் இடம் சரியான இடமா என்பது வேறு கேள்வி. கைக்கடிகாரத்தில் நொடிமுள் இருப்பதாலேயே அது சரியான நேரம் காட்டுகிறது என்று ஆகிவிடாது. இவ்வகைத் திரைகளின் இடப்பிழை அரை மில்லிமீட்டர் அளவுக்கு இருப்பது சகஜம், அதாவது மூன்று பிக்சல்கள். ஓரங்களில் இன்னும் கூடும். ஓரத்தில் ஒரு பக்கத்தில் மட்டுமே கண்ணிகள் இருக்கும். ஒரு காதால் கேட்டு ஒலி வந்த திசையைச் சொல்வது போன்ற சங்கடம் அது.

இனித் தூரம். மேல் கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிப்பு, அதற்கும் கீழேயுள்ள திரைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 45 பாகை சாய்வில் பார்க்கிறீர்கள். காற்றுக்குள் பார்வைக்கோடு ஒரு மில்லிமீட்டர் விலகுகிறது. கண்ணாடிக்குள் ஒளி முறிவதால் விலகல் 0.53 மில்லிமீட்டராகக் குறைகிறது. இரண்டும் சேர்ந்து 1.53, கணக்காகப் பத்து பிக்சல்கள். கண்ணின் மணியில் ஒளிப்புள்ளி வைக்கப் போய் இமையில் வைத்துவிடலாம். அந்தக் காற்றிடைவெளியை ஒழித்து, கண்ணாடியை மெல்லிய ஒளிபுகும் பசையால் திரையோடு ஒட்டிவிட்டால் விலகல் மூன்றரை பிக்சலாகச் சுருங்கும். (திரைக்கென்று ஒரு கண்ணாடி உண்டு, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.) கடைகளில் 'ஃபுல் லேமினேஷன்' என்பது இதைத்தான். இன்னொரு லாபமும் உண்டு. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் ஒளியில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஒட்டிய திரையில் அப்படிப்பட்ட பரப்புகள் இரண்டு குறைகின்றன; கருப்பு கருப்பாகவே தெரியும். பெட்டியில் உள்ள அத்தனை வாசகங்களிலும் நான் காசு கொடுக்கத் தயாராக இருப்பது இந்த ஒன்றுக்குத்தான்.

நான்கு மூலைகளையும் பேனாவால் தொடச் சொல்லும் சீரமைப்பு இந்த விலகலைப் போக்கிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. போகாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிலைக்கு மட்டும் அது பொருந்தும். நாற்காலியில் சாய்ந்தால் கோடு நகர்ந்துவிடும்.

அழுத்தப் படிகளுக்கு வருவோம். விளம்பரங்களில் அதிகம் குதிக்கும் எண் இதுதான். 1024 இருந்தது 2048 ஆயிற்று, 8192 ஆயிற்று, இப்போது 16,384. ஒவ்வொன்றும் இரண்டின் அடுக்கு. மின்னணுவில் ஒரு பிட்டைச் சேர்த்தால் எண் இரட்டிக்கும், அவ்வளவுதான். உங்கள் விரலில் எத்தனை பிட்டுகள் இருக்கின்றன? 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஏர்ன்ஸ்ட் வேபர் எடை தூக்கிப் பார்க்கும் சோதனைகளில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நம் உடல் வித்தியாசத்தை அல்ல, விகிதத்தை உணர்கிறது. கையில் ஒரு கிலோ அரிசி இருந்தால் ஐந்து கிராம் கூடியது தெரியாது. பத்து கிராம் ஏலக்காய் இருந்தால் தெரியும். விரல் அழுத்தத்தில் இந்த விகிதம் தோராயமாகப் பத்தில் ஒன்று. வரையும்போது கை சுமார் 4 கிராம் முதல் 400 கிராம் வரை அழுத்துவதாகக் கொள்வோம். ஒவ்வொரு படியும் முந்தையதைவிடப் பத்து சதவீதம் கூட என்றால், நான்கிலிருந்து நானூறுக்கு ஏற 48 படிகள் போதும்.

நாற்பத்தெட்டு! 400 கிராமை 1024 பங்காக்கினாலே ஒரு பங்கு 0.4 கிராம்தான். மிக மெல்லிய தொடுதலான 4 கிராமில் நம் கை உணரும் வித்தியாசமும் அதே 0.4 கிராம். ஆக, கைக்குத் தேவையானது 1024லேயே முடிந்துவிட்டது. அதற்குமேல் உள்ளவை பெட்டியின் அழகுக்கு.

இதைவிட நூறு மடங்கு முக்கியமான எண் ஒன்று உண்டு: கோடு விழத் தொடங்க எத்தனை கிராம் வேண்டும்? கோபுலுவின் (1924–2015) கோட்டுச் சித்திரத்தையும், எம்.டி.வாசுதேவன் நாயரின் 'ரண்டாமூழம்' தொடராக வந்தபோது படம் போட்ட ஆர்ட்டிஸ்ட் நம்பூதிரியின் (1925–2023) உருவங்களையும் எடுத்துப் பாருங்கள். கோட்டின் உயிர் அது கரைந்து மறையும் வாலில் இருக்கிறது. பேனா 15 கிராமுக்குக் கீழே எதையும் உணரவில்லை என்றால் அந்த வால் வெட்டுண்டு போகும். 3 கிராமில் விழிக்கிற பேனா வாலை விட்டுவைக்கும்.

சோதிப்பது சுலபம். மட்டாஞ்சேரி பஜார் சாலையின் மசாலாக் கடைகளில் ஏலக்காயும் கிராம்பும் நிறுக்கிறார்களே, அந்த மாதிரி மின்தராசு ஒன்று போதும். சமையலறைத் தராசும் ஆகும். வரைதிரையைத் தராசின்மேல் வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள். கேபிள் இழுக்காமல் தளர்வாகக் கிடக்கட்டும். பேனாவை மெல்ல இறக்குங்கள். திரையில் முதல் புள்ளி விழும்போது தராசு என்ன காட்டுகிறது? பத்து முறை செய்து சராசரி எடுங்கள். அதே தராசில் மறுமுனையையும் பார்த்துவிடலாம்: எத்தனை கிராமுக்குமேல் அழுத்தியும் கோடு தடிக்க மறுக்கிறது என்று.

அடுத்தது நேரம். நொடிக்கு 266 முறை என்றால் ஏறத்தாழ 3.8 மில்லிநொடிக்கு ஒரு கணிப்பு. ஆனால் திரை நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கும், அதாவது 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை. நடுவில் டிரைவர், இயங்குதளம், வரையும் நிரல் என்று ஒவ்வொன்றும் சுங்கம் வசூலிக்கும். கூட்டுத்தொகைதான் உங்களுக்கு வேண்டும். திரையின்மேல் ஓர் அடிஸ்கேலை வைத்து, நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் பேனாவை ஓட்டி, கைபேசியின் மெதுஓட்டத்தில் படமெடுங்கள். நுனிக்கும் கோட்டின் தலைக்கும் இடைவெளி 6 மில்லிமீட்டர் என்றால் தாமதம் 60 மில்லிநொடி. ஆப்பிள் தன் பென்சிலின் தாமதத்தை 2019இல் 20 மில்லிநொடியிலிருந்து 9ஆகக் குறைத்ததாக அறிவித்தது. மலிவு வரைதிரையிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம். நிழல் போடுவதற்கும் வண்ணம் நிரப்புவதற்கும் 60 பொறுத்துக்கொள்ளலாம். வேகமாகக் கையெழுத்துப் போடுகிறவருக்கு எரிச்சலூட்டும்.

கோட்டின் நடுக்கத்தைக் கண்டுபிடிக்கக் கோலம் இருக்கிறது. கிரிட்டா என்ற இலவச நிரலைத் திறந்து, கோட்டை நயமாக்கும் வசதி அனைத்தையும் அணைத்துவிட்டு (இதை மறந்தால் நீங்கள் சோதிப்பது நிரலைத்தான், திரையை அல்ல), புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுங்கள், மிக மெதுவாக. சாய்கோடுகள் சீரான இடைவெளியில் பாம்பு மாதிரி நெளிந்தால், செம்புக் கண்ணிகளுக்கு நடுவே பலகையின் கணக்கு தடுமாறுகிறது என்று பொருள். கிடைக்கோட்டில் இது அவ்வளவாகத் தெரியாது; சாய்கோட்டில் ஒளிக்க முடியாது. பிறகு நுனியை ஒரே புள்ளியில் ஊன்றிக்கொண்டு பேனாவைச் சுற்றிலும் சாயுங்கள். புள்ளி நகரக்கூடாது. சுருள் நுனியில் இல்லை, சற்று மேலே இருக்கிறது. பேனா சாய்ந்தால் காந்தப்புலத்தின் நடுவும் சாய்ந்துவிடும். அதைத் திருத்துவது உள்ளேயிருக்கும் நிரலின் வேலை. மலிவுச் சாதனங்கள் அதிகம் தோற்பது இங்கேதான்.

ஒருமுறை என் மேசையில் கோடுகள் காய்ச்சல் கண்டவன் கையெழுத்துபோல் நடுங்கின. திரையைத் திருப்பித் தரக் கட்டிவைத்துவிட்டேன். குற்றவாளி திரை அல்ல, பெயர் தெரியாத ஒரு மலிவுச் சார்ஜர். அதன் மின் இரைச்சல் பலகையின் காதில் விழுந்திருக்கிறது. எர்த் உள்ள மூன்று முள் அடாப்டரில் செருகியதும் கை தேறியது. கைபேசி உறையின் காந்தமும் இப்படியே குழப்பும்.

நிறத்துக்கு வருவோம். கோட்டைக் கொச்சியில் 'வெளி' என்ற பகுதியில் தோபிக்கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் கொண்டுவரப்பட்ட தமிழ் வண்ணார்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துணி துவைக்கிறார்கள். பழுப்பேறிய வேட்டி சொட்டு நீலத்தில் முங்கியெழுந்தால் வெள்ளையாகத் தெரிவது ஏன்? நீலம் மஞ்சளை விழுங்குகிறது. நம் கண் நீலச்சாயலை 'பளிச்' என்று வாசிக்கிறது. மலிவுத் திரைகள் பலவும் இதே தந்திரத்துடன் வருகின்றன. பெட்டியிலிருந்து எடுத்ததும் வெள்ளை நீலத்தில் முங்கியிருக்கும். அமைப்புகளில் 6500 கெல்வின் என்பதைத் தேர்ந்தெடுத்தாலே பாதிக் கோளாறு தீரும். '120 சதவீதம்' என்பது எஸ்ஆர்ஜிபி என்னும் 1990களின் நிறத் தரத்தைவிட அகன்ற பரப்பு என்ற பெருமை. நிற மேலாண்மை இல்லாவிட்டால் அது பெருமை இல்லை, உபத்திரவம்: நீங்கள் வைத்த காவி உங்கள் திரையில் தக்காளியாகத் தெரியும், அதைக் குறைத்து வைத்தால் அடுத்தவர் திரையில் செத்துப்போகும். பள்ளியறைச் சுவரின் மண்ணிறங்கள் அடங்கியவை. அவற்றைக் காட்ட நேர்மையான 100 சதவீதமே தாராளம்.

பெட்டியில் எழுதாத இன்னொன்று, கொச்சியின் ஈரம். மழைக்காலத்தில் உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டும். இரு விரல் கையுறை ஆடம்பரம் அல்ல. சொரசொரப்பாக அரித்த கண்ணாடி தாள்போல் உணரவைக்கும், பதிலுக்குப் பிளாஸ்டிக் நுனிகளைத் தின்னும். மாற்று நுனி கிடைக்கிறதா, என்ன விலை என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

என் தீர்ப்பு இது. வரையக் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவருக்கு வரைதிரையே வேண்டாம். சில ஆயிரம் ரூபாய்க்குத் திரையில்லாத பலகை கிடைக்கும். கண் ஓரிடம் கை ஓரிடம் என்பது சில வாரங்களில் பழகிவிடும். படம் வரைந்து சம்பாதிக்கத் தொடங்கியவருக்கு, ஒட்டிய கண்ணாடியும் 5 கிராமுக்குள் விழிக்கும் பேனாவும் உள்ள 13 அங்குலத் திரை போதும். 16,384 படிகளுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். ஒட்டாத கண்ணாடி என்றால் பாதி விலைக்கும் வாங்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது ஓர் அடிஸ்கேலையும் சமையலறைத் தராசையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெட்டியைப் பிரித்து வரைந்து பார்க்க விடாத கடை என்றால், எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதை ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.